முதல் டரன்டுலா: கொழும்புத் தொடர்மாடியில் ஒரு மரச் சிலந்தி

போன மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் கொட்டாஞ்சேனைப் பொடியன் ஒருவன் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். ஒரு ஜாம் போத்தல். உள்ளே சாம்பல் நிறத்தில், முதுகெல்லாம் கோலம் போட்ட மாதிரி ஒரு பெரிய சிலந்தி. கீழே குரல் பதிவு: "அண்ணை, பிங்க் டோ ஒண்டு கிடைச்சிருக்கு. காசே இல்லை, சும்மா! குருநாகலிலை மாமா வீட்டுக் கூரைக்குள்ள இருந்தது. உதுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறது?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிலந்தி முன்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. கால்களின் அடிப்பக்கம் நல்ல எலுமிச்சை மஞ்சள். "மூடியைத் திறக்காதை" என்று எழுதிவிட்டு உடனே அழைப்பெடுத்தேன்.

அது பிங்க் டோ என்ற தென்னமெரிக்க மரச் சிலந்தி இல்லை. சிங்களத்தில் திவி மக்குளுவா என்பார்கள், சிறுத்தைச் சிலந்தி. சாதுவாக, மலிவாக, மரத்தில் வாழும் டரன்டுலா (மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி) ஒன்று வேண்டும் என்று என்னிடம் கேட்டு வருகிறவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். ஊரில் கூரைக்குள்ளேயே ஒன்று சும்மா இருக்கும்போது காசு கொடுத்து ஏன் வாங்குவான் என்று தோன்றும். ஆனால் அந்தச் சும்மா கிடைத்தது சாதுவும் இல்லை, மலிவும் இல்லை. ஏன் என்பதிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் பத்திரம், பிறகு சிலந்தி

நம் நாட்டின் பெரிய மர டரன்டுலாக்கள் பீசிலோதீரியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் காட்டில் இவை இல்லை. இராமேஸ்வரத்தில் கண்டு 2004இல் பெயர் வைத்த ஒன்று மன்னாரிலும் இருக்கிறது. மாங்குளம் பக்கம் கண்ட ஒன்றுக்கு, ஆய்வாளர்களுக்குத் துணையாகப் போன பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரை வைத்தார்கள். மரப்பொந்து அழிய அழிய இவை பழைய வீட்டுக் கூரைகளுக்குள் வந்துவிடுகின்றன. ஊர்ச் சனம் கண்டவுடன் விளக்குமாற்றை எடுக்கும்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு இவற்றின் மேல் ஒரு பித்து. 2018இல் அமெரிக்கா இலங்கையின் 5 இனங்களைத் தன் அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டு இலங்கையும் அமெரிக்காவும் சேர்ந்து முன்மொழிந்து, பேரினம் முழுவதையும், காட்டுயிர்களின் நாடு கடந்த வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஏற்றின. அந்த மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடப்பதாக இருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஒத்திவைத்து, ஓகஸ்டில் ஜெனீவாவில் நடத்தினார்கள். நம் சிலந்திக்கு நம் ஊரிலேயே கிடைத்திருக்க வேண்டிய மரியாதை, பாவம், சுவிட்சர்லாந்தில் கிடைத்தது.

ஆகவே உள்ளூர்ச் சிலந்தியைப் பிடித்து வளர்க்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வெளிநாட்டு இனம் என்றாலும் கதை இலேசில்லை. தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது. உயிருள்ள விலங்கை நாட்டுக்குள் கொண்டுவர அனுமதிப்பத்திரம் வேண்டும். துபாயிலிருந்து வரும் மச்சான் சப்பாத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்து தருவான் என்ற திட்டம் இருந்தால், கட்டுநாயக்காவில் மச்சானையும் சிலந்தியையும் ஒன்றாக இழப்பீர்கள். பத்தரமுல்லையில் இருக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு நேரே போய், இனத்தின் விஞ்ஞானப் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். விற்கிறவர் "இங்கேயே பிறந்தது அண்ணை" என்றால், தாய்ச் சிலந்தி எந்தப் பத்திரத்தில் வந்தது என்று கேளுங்கள். என்னிடம் இருக்கும் பிங்க் டோவின் பெயர் கறுப்பி. அவளுடைய தாய் வந்த அனுமதிப்பத்திரத்தின் பிரதியை அலுமாரியில் வீட்டு உறுதிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பத்திரம் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் விலை கேட்காதீர்கள்.

சாது என்றால் என்ன அர்த்தம்

நாய் சாது என்றால் தலையைத் தடவலாம் என்று அர்த்தம். டரன்டுலா சாது என்றால், கடிப்பதற்கு முன் வேறு நாலு வழி பார்க்கும் என்று அர்த்தம், அவ்வளவுதான். மரச் சிலந்தி விஷயத்தில் இதை நன்றாக மனதில் வையுங்கள். நிலத்தில் வளை தோண்டும் டரன்டுலாக்களில் பல, சோம்பலாக மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். மரத்தில் இருப்பது அப்படியில்லை. பருந்துக்கும் பல்லிக்கும் தப்ப ஓடிப் பழகிய உடம்பு. சாதுவான மரச் சிலந்தியும் மின்னல் மாதிரி ஓடும், பாயும்.

புதியவருக்கு நான் சொல்வது ஒரே பெயர்தான்: பிங்க் டோ, அதாவது அவிக்குலேரியா அவிக்குலேரியா. வளர்ந்ததும் கறுத்த வெல்வெட் உடம்பு, ஒவ்வொரு கால் நுனியிலும் மருதாணி வைத்தது போல இளஞ்சிவப்பு. குஞ்சாக இருக்கும்போது தலைகீழ்: கால் வெளிர் சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. கால் விரித்தால் 12 முதல் 15 சென்ரிமீற்றர் வரும். ஊர் தென்னமெரிக்காவின் வடபுறம், சுரினாம், கயானா, வெனிசுவேலா பக்கம். சுரினாமுக்குப் போய்வந்த ஐரோப்பிய ஓவியர் மரியா சிபில்லா மேரியன் 1705இல் வெளியிட்ட ஒரு படத்தில், கொய்யாக் கிளையில் இப்படிப்பட்ட சிலந்தி ஒரு ரீங்காரச் சிட்டைத் தின்றுகொண்டிருக்கும். உயிரினங்களுக்கு விஞ்ஞானப் பெயர் வைத்த லின்னேயஸ் 1758இல் பறவையை வைத்துப் பெயர் சூட்டியதும் அந்த வழியில்தான். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். என்னுடையது வெட்டுக்கிளி கொஞ்சம் பெரிதாக இருந்தாலே பின்வாங்கும்.

தொந்தரவு செய்தால் இது முதலில் உறைந்து நிற்கும். பிறகு ஓடும். அதற்கும் விடாவிட்டால் பாயும், அல்லது பின்பக்கத்தைத் திருப்பி எச்சத்தைப் பீச்சும். ஓரிரு அடி தூரம் வரும், குறியும் மோசமில்லை. என் மூக்குக் கண்ணாடிக்கு இரண்டு முறை பட்டிருக்கிறது. வயிற்றில் அரிக்கும் மயிர்களும் உண்டு. அமெரிக்கக் கண்டங்களின் நில டரன்டுலாக்கள் பல அதைக் காற்றில் உதறிவிடும். இது தொட்டால்தான் ஒட்டும். கடி கடைசி வழி. கடித்தாலும் பெரும்பாலும் அந்த இடத்தில் வலி, வீக்கத்தோடு போகும். ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இதையே திவி மக்குளுவாவோடு ஒப்பிடுங்கள். அதற்கு அரிக்கும் மயிர் கிடையாது. வேகமும் விஷமும்தான் ஆயுதம். கடித்தால் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் நிற்கும், சிலருக்கு விட்டு விட்டு வாரக்கணக்கில் திரும்பி வரும். கொட்டாஞ்சேனைப் பொடியன் ஜாம் போத்தலுக்குள் கைவிட்டிருந்தால் அவனுடைய ஏ.எல். சோதனை அந்த முறை இல்லை. அடுத்த நாள் மாலையே போத்தலைத் துணியால் சுற்றி, மாமாவின் தோட்டத்துக்கே கொண்டுபோய், இருட்டியதும் அதே கூரைப் பக்கம் விடச் சொன்னேன். விட்டான். மாமி இன்னும் அவனோடு கதைப்பதில்லை.

வேறு இரண்டு பெயரும் உங்கள் காதில் விழும். ஒன்று கரிபேனா வெர்சிகலர். மார்ட்டினிக் தீவுக்காரி; குஞ்சில் நீலம், வளர்ந்ததும் பச்சை, சிவப்பு, ஊதா என்று கூறைச்சேலை மாதிரி இருக்கும். குணமும் நல்லது. ஆனால் விலை கூட, குஞ்சும் நொய்மை. இரண்டாவது சிலந்தியாக வாங்குங்கள். மற்றது சல்மோபியஸ். மலிவு, கெதியாக வளரும், பசி எப்போதும் இருக்கும். ஆரம்பக்காரருக்கு ஏற்றது என்று விற்கிறவர் சொல்வார். ஓட்டமும் கோபமும் அதற்குக் கூட. வேண்டாம்.

மலிவில் ஒரு பொறி

லண்டனில் என் முதல் பிங்க் டோவை ஒரு பிட்சா விலைக்கு வாங்கினேன். இங்கே அந்த விலைக்குக் கிடைக்காது. ஆனாலும் விலை குறைவாக ஒன்று வந்தால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள்.

முதலாவது, அது வயது வந்த ஆணா? வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்னக் கைகளின் நுனி, குத்துச்சண்டைக் கையுறை போட்ட மாதிரி உருண்டு இருந்தால் ஆண், பருவம் வந்துவிட்டது. மிஞ்சினால் ஒரு வருடம். பெண் பத்து வருடத்தைத் தாண்டியும் இருக்கும். அரை விலைக்கு ஆணை வாங்கி அடுத்த தைப்பொங்கலுக்குள் புதைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, காட்டில் பிடித்ததா, கூண்டில் பிறந்ததா? காட்டில் பிடித்த பெண் பெரிதாக, கம்பீரமாக இருக்கும். உள்ளே ஒட்டுண்ணியும் இருக்கலாம்.

நகக்கண் அளவுக் குஞ்சு எல்லாவற்றிலும் மலிவு. ஒரு நாள் தண்ணீர் தவறினாலே போய்விடும் என்பதால் புதியவருக்கு வேண்டாம். கால் விரித்து 4, 5 சென்ரிமீற்றர் இருக்கும் குட்டி சரியான அளவு. வாங்கும் இடத்தில் வயிறு சுருங்கியிருக்கிறதா பாருங்கள். கால்களை உடம்புக்கு அடியில் மடக்கிக் குந்தியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மெல்லிய தூரிகையால் பின்காலைத் தொட்டால் சட்டென்று நகர வேண்டும்.

டொபி போத்தல் வீடு

கடைகளில் டொபி, பிஸ்கட் போட்டு வைக்கும் அகலமான கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் போத்தல் தெரியுமா? குட்டிச் சிலந்திக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. புறக்கோட்டையில் வெறும் போத்தலாகவே வாங்கலாம். நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, மணம் போனபிறகு எடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். பிங்க் டோ தன் பட்டுக் குழாய் வீட்டை எப்போதும் உச்சியில் கட்டும், பெரும்பாலும் மூடியோடு சேர்த்து. நீங்கள் சாப்பாடு போட மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் வீடு கிழியும். நாலாவது முறை கிழித்ததும் கறுப்பி மூன்று நாள் போத்தலின் அடியில் ஒரு மூலையில் குந்தியிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மூடி தரையாகிவிடும், அடிப்பக்கம் கூரையாகிவிடும். கூரை இனித் திறக்காது. சாப்பாடு போட, பக்கவாட்டில் ஒரு பெருவிரல் அளவுக்கு வட்டமாக வெட்டி, அதற்கு ஒரு தக்கை அடைப்பான். வளர்ந்த சிலந்திக்கு முன்கதவு உள்ள அக்ரிலிக் பெட்டி செய்விக்கலாம்: 20க்கு 20, உயரம் 30 சென்ரிமீற்றர் போதும். நீளத்தைவிட உயரம் கூட இருக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

காற்றுத் துளைகளைச் சூடாக்கிய ஊசியால், வெளியிலிருந்து உள்ளே போடுங்கள். பிறகு உட்பக்க விளிம்பை அரத்தாளால் தேயுங்கள். ஒரு பக்கம் கீழே ஒரு வரிசை, எதிர்ப்பக்கம் மேலே ஒரு வரிசை. அப்போதுதான் காற்று குறுக்காக ஓடும். துளை சிலந்தியின் தலை ஓட்டைவிடச் சின்னதாக இருக்க வேண்டும்; தலை நுழைந்தால் உடம்பு நுழையும். வலைக் கம்பி போடாதீர்கள், கால் நகம் மாட்டிக்கொள்ளும்.

அடியில் தும்புச்சோறு, அதாவது தேங்காய் மட்டைத் தூள், இரண்டு விரல் தடிப்புக்கு. வெளிநாட்டில் இதைக் கட்டி கட்டியாகப் பளபளப்பு உறையில் விற்பார்கள். லண்டனில் காசு கொடுத்து வாங்கி வந்து திருப்பிப் பார்த்தால் பின்னால் "இலங்கைத் தயாரிப்பு" என்று இருக்கும். இங்கே பூங்கன்றுக் கடையில் ஒரு பை எடுங்கள், பசளை கலக்காததாக. ஏறி நிற்க நெடுக்காகப் பிளந்த மூங்கில் துண்டைச் சாய்த்து வையுங்கள். ஒரு போத்தல் மூடியில் தண்ணீர். நாலு பிளாஸ்டிக் இலை இருந்தால் அதைப் பிடித்து வலை பின்னும். இவ்வளவுதான் வீடு.

கொழும்புக் காற்று

பிங்க் டோ மழைக்காட்டுச் சிலந்தி, ஈரம் வேண்டும், தினமும் தண்ணீர் தெளியுங்கள், கீழே சூட்டுப் பாய் போடுங்கள் என்று குளிர்நாட்டுக்காரர் சொல்வதை இங்கே அப்படியே செய்தால் சிலந்தி செத்துவிடும். கொழும்பில் வருடம் முழுக்க 27, 28 பாகை. மழை இல்லாத நாளிலும் துணி காய மறுக்கும் ஈரம். சூட்டுக்கு ஒரு சதம் செலவு இல்லை. நம்முடைய பிரச்சினை ஈரம் தேங்கி, காற்று அடைத்து, பூஞ்சணம் பிடிப்பது. அவிக்குலேரியாக்கள் காரணம் தெரியாமல் திடீரென்று சாகும் என்று வளர்ப்பவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. பலர் கடைசியில் கைகாட்டுவது புழுங்கிய ஈரப் பெட்டியைத்தான்.

நான் செய்வது: தண்ணீர் மூடி எப்போதும் நிறைந்திருக்கும். வாரத்துக்கு ஒருமுறை பெட்டியின் ஒரு சுவரில் மட்டும் நாலு துளி தெளிப்பேன், வலையில் நிற்கும் துளியைக் குடிக்கட்டும் என்று. மே மாத மழை தொடங்கினால் அதுவும் இல்லை. தும்புச்சோற்றின் மேல்பக்கம் காய்ந்தே இருக்கலாம். ஏசி அறையில் வைக்காதீர்கள். யன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் போத்தல் பத்து நிமிடத்தில் அடுப்பாகிவிடும்.

அடுத்தது நுளம்பு. சிலந்திக்கு நுளம்பால் ஒன்றும் இல்லை, நுளம்புக்கு நாம் வைப்பதுதான் அதற்கு எமன். சுருள், செருகும் திரவம், தெளிக்கும் டின் எல்லாமே பூச்சிகொல்லி, சிலந்திக்கும் கொல்லிதான். அந்த அறையில் வலை கட்டிப் படுங்கள். டெங்குக் காலத்தில் புகை அடிக்க வருவார்கள். தொடர்மாடியில் கீழே அறிவித்தல் ஒட்டியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரு வீட்டை முன்கூட்டியே பேசி வையுங்கள். எனக்கு ஒருமுறை அறிவித்தல் இல்லாமலே சத்தம் கேட்டது. போத்தலைத் துவாயால் மூடி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு பம்பலப்பிட்டிவரை போனேன். "கேக்கோ?" என்று கேட்ட சாரதிக்கு ஓம் என்றேன்.

பிறகு எறும்பு. தின்று மிச்சம் விட்ட வெட்டுக்கிளிக் கால் ஒன்று போதும், சிற்றெறும்பு வரிசை கட்டும். தோல் கழற்றும் சிலந்தியால் எறும்புக்கு எதிராக ஒன்றும் செய்ய முடியாது. பாட்டி சீனி டின்னை வைத்தது போலப் பெட்டியை அகலமான தட்டில் தண்ணீர் விட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நுளம்பு முட்டையிட்டு, டெங்குப் பரிசோதகர் உங்கள் வீட்டுக்கே வருவார்.

சாப்பாடு, தோல்

சாப்பாட்டில் பெரிய சூட்சுமம் இல்லை. குட்டிக்கு வாரம் இரண்டு முறை, வளர்ந்ததுக்கு வாரமோ பத்து நாளோ ஒருமுறை. இரை சிலந்தியின் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. சில்வண்டை நீங்களே ஒரு வாளியில் வளர்ப்பது நல்லது. குசினிக் கரப்பானைப் பிடித்துப் போடாதீர்கள். அது எந்த வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ. அடுத்த நாள் காலை மிச்சத்தை இடுக்கியால் எடுத்துவிடுங்கள்.

ஒரு நாள் சாப்பிடாது. அடுத்த வாரமும் சாப்பிடாது. பட்டுக் குழாயின் இரண்டு வாயையும் அடைத்துக்கொண்டு உள்ளே இருந்துவிடும். புதியவர்கள் இங்கேதான் பதறி, குச்சியால் கிழித்துப் பார்ப்பார்கள். தொடவே தொடாதீர்கள். தோல் கழற்றப் போகிறது. குட்டி ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை கழற்றும், வளர்ந்தது வருடத்துக்கு ஒருமுறை போல. மல்லாந்து கிடந்தாலும் சாவில்லை. சாகிற சிலந்தி கால்களை உள்ளே மடக்கிக் குப்புற இருக்கும். வெளியே வந்ததும் நச்சுப்பல் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். பிறகு சிவக்கும், பிறகு கறுக்கும். கறுக்கும்வரை இரை போடாதீர்கள், பத்து நாளாவது பொறுங்கள். வெட்டுக்கிளியே அந்த நேரம் சிலந்தியைத் தின்றுவிடும். கழற்றிய தோலை எறியாமல் நனைத்து விரித்து, தெரிந்தவரிடம் காட்டினால் ஆணா பெண்ணா என்று சொல்வார்.

வீட்டாரும், ஓடிப்போன நாளும்

அம்மாவுக்கு நான் முதலில் சொல்லவில்லை. டொபி போத்தலைக் கண்டு மூடியைத் தேடியபோது அவவே கண்டுபிடித்தா. "தம்பி, பல்லிக்குக் கத்திற பிள்ளை நீ. உதை வச்சுக்கொண்டு என்ன செய்யப் போறாய்?" நியாயமான கேள்வி. வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் கேட்டுவிட்டு வாங்குங்கள். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் பெட்டிக்குப் பூட்டு வேண்டும்.

கையில் ஏற்றி விளையாடுவது தேவையில்லை. அதற்குப் பாசம் வராது. உயரத்திலிருந்து பாய்ந்து விழுந்தால் வயிறு வெடிக்கும். வீடு மாற்றும்போது உள்ளே இருப்பது தெரியும் பெரிய பையொன்றுக்குள் இரண்டு பெட்டியையும் வைத்து, தூரிகையால் மெல்லத் தட்டி நடத்துங்கள். பையின் வாய் உங்கள் மணிக்கட்டைச் சுற்றி இறுகியிருக்கட்டும்.

நான் அந்தப் பையைச் சோம்பலில் எடுக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை கறுப்பி ஓடினாள். அப்படி நடந்தால் கதவை மூடி, இடுக்கில் துவாய் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தரையில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மரச் சிலந்தி மேலே போகும். திரைச்சீலைக் கம்பி, அலுமாரித் தலை, படச் சட்டத்தின் பின்பக்கம். பகலில் கிடைக்காவிட்டால் இருட்டியபின் டோர்ச்சோடு வாருங்கள். கண்டதும் அகலமான பிளாஸ்டிக் கோப்பையால் மூடி, பின்னால் தடித்த மட்டையைச் சறுக்கி விடுங்கள்.

இரவு ஒன்பதரைக்கு நல்லூர்க் கந்தன் கலண்டரின் கீழ் விளிம்பில் இளஞ்சிவப்பு நுனி இரண்டு தெரிந்தன. அம்மாதான் கண்டவ. கத்தவில்லை. கோப்பையை என் கையில் தந்துவிட்டு, "பாத்து, கலண்டர் கிழியாமல்" என்றா.